தேனிப் பக்கத்துப் புகைபோக்கியும் எங்கள் வீட்டு மூன்று பெட்டிகளும்

எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக்குப் பலமுறை வந்தவர்களுக்குத் தெரியும், அது ஒரே மூச்சில் கட்டிய வீடு அல்ல. 1994-இல் முன்பக்கம் இரண்டு அறை. பிள்ளைகள் வளர்ந்தபின் மாடி. கையில் ஓய்வூதியப் பணம் வந்ததும் பின்பக்கம் ஒரு அறை. ஒவ்வொரு முறையும் கொத்தனார் ஒன்பது அங்குலச் சுவரை வைத்துவிட்டுப் போனார். பழைய வெளிச்சுவர்கள் இப்போது வீட்டின் நடுச்சுவர்களாக நிற்கின்றன. வெயிலுக்கு நல்லது. ஆனால் கூடத்தில் இருக்கும் வைஃபை பெட்டியின் சிக்னல் பின்னறைக்கு வருவதற்குள் மூச்சு வாங்கிவிடும். என் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அவள் இருப்பு அந்தப் பின்னறையில்தான். இரவு ஒன்பது மணிக்கு மகள் வீடியோவில் கூப்பிட்டால், பாதிப் பேச்சில் முகம் உறைந்து நின்றுவிடும். "என்னம்மா, கேக்குதா?" என்ற கேள்வியிலேயே நேரம் முழுக்கப் போய்விடும்.

கோடை விடுமுறைக்கு வந்த பேரன் இதை இரண்டு நாள் பார்த்தான். மூன்றாம் நாள் மூன்று சின்ன வெள்ளைப் பெட்டிகளோடு வந்தான். "தாத்தா, இது மெஷ். ஒண்ணு இன்னொண்ணுகிட்ட பேசிக்கும். வீடு பூரா ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டு" என்றான். ஒன்றைக் கூடத்தில் வயரோடு இணைத்தான். இன்னொன்றை மாடிக்கு எடுத்துப் போனான். மூன்றாவதை நேரே பாட்டியின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தான். போனில் சிக்னல் கோடுகள் எல்லாம் நிறைந்து நின்றன. ஆனால் அன்று இரவும் மகளின் முகம் உறைந்துதான் நின்றது.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் இந்தத் தப்பை நாற்பது வருடத்துக்கு முன்பே எனக்குத் தெரியும்.

நான் தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவன் என்பதை இங்கே பல முறை எழுதியிருக்கிறேன். அதில் பாதிக் காலம் மைக்ரோவேவ் பிரிவு. அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து மதுரைக்கு எஸ்.டி.டி. போட்டால் உங்கள் குரல் ஒரே தாவலில் போய்விடாது. சுமார் 40, 50 கிலோமீட்டருக்கு ஒரு கோபுரம். ஒரு கோபுரம் வாங்கி, வலுவூட்டி, அடுத்ததற்குக் கொடுக்கும். அதுவும் அப்படியே. இரண்டு கோபுரங்களும் ஒன்றையொன்று கண்ணால் பார்க்க முடிகிற மாதிரி நிற்க வேண்டும். நடுவில் மரம் வளர்ந்தாலும் தகராறு. எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே இதுதான்: இடைநிலையத்தைச் சிக்னல் செத்துப்போன இடத்தில் வைக்காதே, சிக்னல் இன்னும் நன்றாகக் கேட்கிற இடத்தில் வை. தனக்கே சரியாகக் கேட்காதவன் அடுத்தவனுக்கு என்ன சொல்ல முடியும்?

பேரனிடம் இதைச் சொன்னேன். பெட்டியைப் பின்னறையிலிருந்து எடுத்து, சமையலறைக்கும் பின்னறைக்கும் நடுவே இருக்கும் நடையில், இரும்பு பீரோவுக்குத் தள்ளி ஒரு பலகையில் வைத்தோம். கட்டிலருகே கோடுகள் ஒன்று குறைந்தன. ஆனால் படம் உறையவில்லை. முன்பு கோடுகள் காட்டியது போனுக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள உறவை. அந்தப் பெட்டிக்கும் கூடத்துப் பெட்டிக்கும் இடையே உள்ள உறவுதான் கெட்டுப் போயிருந்தது. அதைப் போன் காட்டாது.

அன்றிலிருந்து இந்தக் "கைமாற்றிக் கொடுக்கும்" வித்தையின் கதையைத் தேடிப் படித்துக் கொண்டிருக்கிறேன். அதில் நம் தமிழ்நாட்டுக்கு, அதிலும் தேனிப் பக்கத்துக்கு, ஒரு நல்ல பங்கு இருக்கிறது. நம்மில் பலருக்கு அது தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஆரம்பம் கடலில். ஹவாய்த் தீவுகளில் பல்கலைக்கழகத்தின் கிளைகள் தீவுக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்தன. கணினி இருந்ததோ ஒரு தீவில். நார்மன் ஆப்ராம்சன் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவும் 1971 ஜூனில் ரேடியோ வழியாக அவற்றை இணைத்தார்கள். பெயர் அலோஹாநெட். அதன் விதி மிக எளிது. பேச வேண்டியது இருந்தால் பேசிவிடு. இருவர் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால், ஆளுக்குக் கொஞ்ச நேரம் கண்டபடி காத்திருந்து மறுபடி பேசு. நம் வீட்டுக் கல்யாணக் கூடத்தில் நடக்கிற பேச்சு மாதிரிதான். இன்றைய வைஃபையின் பாட்டனார் இந்த ஏற்பாடு.

அடுத்து கலிஃபோர்னியா. அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி நிறுவனத்தின் பணத்தில், நகரும் வண்டியிலிருந்துகூட கணினிச் செய்தி அனுப்ப முடியுமா என்று பார்த்தார்கள். 1976 ஆகஸ்ட் 27 அன்று ஒரு பீர் கடையின் தோட்டத்து மேசையில் கணினி முனையத்தை வைத்து, பக்கத்தில் நின்ற வேனில் இருந்த ரேடியோ வழியாகச் செய்தியை அனுப்பினார்கள். அது மலைமேல் இருந்த இடைநிலையங்களில் தாவி, வேறொரு வகை வலைப்பின்னலுக்குள் நுழைந்து போய்ச் சேர்ந்தது. இன்டர்நெட்டின் பிறப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பீர் கடையைச் சொல்லாமல் விடமாட்டார்கள்.

எங்கள் மைக்ரோவேவ் கோபுரங்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. எங்கள் கோபுரங்களுக்குத் தானாக வழி தெரியாது. இன்னாரிடம் வாங்கி இன்னாரிடம் கொடு என்று நாங்கள் கட்டிப் போட்டதுதான். ஒன்று விழுந்தால் அந்தத் தடமே விழும். மாற்றுத் தடம் இருந்தால் ஆள் வந்து மாற்ற வேண்டும். மெஷ் என்பது அப்படியல்ல. ஒவ்வொரு பெட்டியும் தன்னைச் சுற்றி யார் யார் இருக்கிறார்கள், யார் வழியாகப் போனால் நல்லது என்று தானே கேட்டுத் தெரிந்து கொள்ளும். ஒருவன் போனால் இன்னொருவன் வழியாகப் போகும்.

மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலுக்கு வழி தெரியாமல் ஒருவர் தாம்பரம் ஸ்டேஷனில் இறங்குகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஸ்டேஷன் வாசலில் நிற்பவருக்கு முழு வழியும் தெரியாது. "கேம்ப் ரோடு போங்க, அங்க கேளுங்க" என்பார். கேம்ப் ரோட்டில் டீக்கடைக்காரர், "ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல்ல கேளுங்க" என்பார். யாரிடமும் வரைபடம் இல்லை. ஆனாலும் ஆள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். பெர்லினில் 'ஃபிரைஃபுங்க்' என்ற தன்னார்வக் குழுவினர் 2006 வாக்கில் எழுதத் தொடங்கிய ஒரு மென்பொருள் ஏறக்குறைய இப்படித்தான் வேலை செய்கிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயரின் சுருக்கம் 'பேட்மேன்'. பேரனுக்கு அந்தப் பெயர் மட்டும் உடனே பிடித்துவிட்டது.

இனி நம் நாடு. நம் வயதினருக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். வீட்டில் ரேடியோப் பெட்டி வைத்திருந்தால் ஆண்டுதோறும் தபாலாபீஸில் லைசென்ஸ் கட்ட வேண்டும். அதற்கென்று ஒரு சிறு புத்தகம், அதில் ஸ்டாம்பு, முத்திரை. 1885-ஆம் வருடத்துத் தந்திச் சட்டம், 1933-ஆம் வருடத்து வயர்லெஸ் சட்டம் இரண்டும் சேர்ந்து காற்றையே அரசாங்கத்தின் சொத்தாக வைத்திருந்த காலம். கேட்பதற்கே லைசென்ஸ் என்றால், பேசுவதற்கு எத்தனை கெடுபிடி இருந்திருக்கும்! 1980-களில் ரேடியோ லைசென்ஸ் போயிற்று. ஆனால் அலைபரப்பும் கருவிகளுக்குக் கட்டுப்பாடு நீடித்தது.

இதற்கு நடுவிலும் நம் ஊரில் சிலர் வேலை செய்தார்கள். கிண்டி ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழு, 1990-களில் கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கியது. சுவரில் மாட்டும் ஒரு பெட்டி. அதில் போனும் பேசலாம், கொஞ்சம் இன்டர்நெட்டும் பார்க்கலாம். பத்து கிலோமீட்டர் வரை நேராகப் போகும். நடுவில் ஒரு இடைநிலையம் வைத்தால் இருபத்தைந்து கிலோமீட்டர் வரை. மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இதை வைத்து இன்டர்நெட் மையங்கள் நடந்தன. புதுச்சேரியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை நடுவாக வைத்துச் சுற்றுக் கிராமங்களை ரேடியோவால் இணைத்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு போன் எச்சரிக்கையை அதே மாதிரி ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரையே காலி செய்ய வைத்தார்கள். சுனாமி வந்தபோது மக்கள் மேட்டில் இருந்தார்கள். எவ்வளவு பெரிய வலைப்பின்னலாக இருந்தாலும், கடைசிப் பத்து வீட்டுக்குச் சேதி போய்ச் சேர்கிறதா என்பதுதான் கணக்கு.

2005 ஜனவரியில் மத்திய அரசு ஒரு அறிவிப்பு வெளியிட்டது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், குறிப்பிட்ட சக்திக்குள், வீட்டுக்கு வெளியேயும் லைசென்ஸ் இல்லாமல் கருவி வைத்துக் கொள்ளலாம் என்று. பத்திரிகைகளில் அது பெரிதாக வந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அந்த அறிவிப்பு இல்லையென்றால் அடுத்து நான் சொல்லப் போகிற கதையே இல்லை.

டாக்டர் ஜி. வெங்கடசாமியை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர். ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வது என்று நாம் பேசிக்கொள்ளும் போதெல்லாம் அவர் பெயர் வரும். 1985-இல் தேனியிலும் ஒரு மருத்துவமனை வந்தது. முகாம் போட்டுக் கிராமத்தில் கண் பார்ப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் முகாம் வருடத்துக்கு ஒரு முறையோ இரு முறையோதான் வரும். கண் மங்குகிறவர் முகாம் தேதிக்குக் காத்திருக்க வேண்டும், அல்லது ஒரு நாள் கூலியை விட்டு, துணைக்கு ஒருவரை அழைத்துக் கொண்டு பஸ் ஏற வேண்டும். அவருடைய கூலியும் போகும். பாதிப் பேர் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இருந்துவிடுவார்கள்.

இதற்காக அவர்கள் யோசித்தது 'விஷன் சென்டர்'. சிறு ஊரில் ஒரு சிறிய அறை. பயிற்சி பெற்ற ஒரு பெண் அங்கே கண்ணைச் சோதித்துப் பார்ப்பார். டாக்டர் அங்கே இல்லை, தேனியில் இருப்பார். நோயாளி திரையில் டாக்டரைப் பார்த்துப் பேசுவார். கண்ணாடி போதும் என்றால் அங்கேயே கொடுத்துவிடலாம். அறுவை சிகிச்சை வேண்டும் என்றால் மட்டும் பயணம். யோசனை பிரமாதம். ஆனால் முகம் உறையாமல் வீடியோ போகக்கூடிய இணைப்பு 2004, 2005-இல் ஆண்டிபட்டிக்கும் சின்னமனூருக்கும் எங்கே இருந்தது? சாட்டிலைட் வைக்கலாம், செலவு கட்டாது.

அப்போது பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவர் என்ற பேராசிரியரின் குழு, ஏழை நாடுகளுக்கு ஏற்ற மலிவான தொழில்நுட்பம் என்ற தலைப்பில் வேலை செய்து கொண்டிருந்தது. ராபின் பத்ரா, சோனேஷ் சுரானா, லட்சுமிநாராயணன் சுப்பிரமணியன் என்று நம் நாட்டுப் பெயர்கள் பல அதில். அவர்கள் அரவிந்தோடு சேர்ந்து கேட்ட கேள்வி இதுதான்: மடிக்கணினியில் இருக்கும் அதே மலிவான வைஃபை அட்டையைக் கோபுரத்தில் ஏற்றி, பெரிய ஆன்டெனா மாட்டினால் பதினைந்து கிலோமீட்டர் போகுமா?

சிக்னல் போயிற்று. வேகம்தான் படுத்துவிட்டது. காரணம் வேடிக்கையானது. வைஃபை ஒரு அறைக்குள் பேசுவதற்காகச் செய்யப்பட்டது. ஒவ்வொரு சிறு துண்டு செய்திக்கும் எதிர்ப்பக்கம் "ம்" கொட்ட வேண்டும். அந்த "ம்" நொடியில் மிகச் சிறு பங்குக்குள் வரவேண்டும். தூரம் கூடினால் "ம்" தாமதமாக வரும். அனுப்பியவன், "இவனுக்குக் கேட்கவில்லை போல" என்று மறுபடி அதையே சொல்வான். அவன் அதற்கும் "ம்" கொட்டுவான். இப்படியே பாதி நேரம் வீண். இன்னொரு சிக்கல், ஒரே கோபுரத்தில் இரண்டு திசைக்கு இரண்டு ஆன்டெனா. ஒன்று பேசும்போது, பக்கத்தில் இருப்பது தூரத்துக் குரலைக் கேட்டுக் கொண்டிருந்தால் அதன் காது அடைத்துவிடும்.

அவர்கள் கருவியை மாற்றவில்லை, பேச்சு முறையை மாற்றினார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ம்" வேண்டாம், மொத்தமாகச் சொல்லி முடித்தபின் எது கேட்டது, எது கேட்கவில்லை என்று ஒரே பதில் போதும். அதோடு முறை வைத்துக் கொள்வது. ஒரு கோபுரத்தில் உள்ள எல்லா ஆன்டெனாக்களும் ஒரே நேரத்தில் பேசும், பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கும். இந்த முறைக்கு வைல்ட்நெட் என்று பெயர் வைத்து 2007-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதே வருடம் வெனிசுவேலாவில் இரண்டு மலைச் சிகரங்களுக்கு நடுவே 382 கிலோமீட்டர் வைஃபை இணைப்பு செய்து காட்டியபோதும் பெர்க்லி குழுவின் மென்பொருள் கைகொடுத்தது.

ஆனால் எனக்குப் பிடித்தது தேனிதான். ஐந்து விஷன் சென்டர்கள், ஒரு மருத்துவமனை, நடுவில் ஐந்து இடைநிலையங்கள். மிகக் குறைந்த தாவல் ஒரு கிலோமீட்டர், மிக நீண்டது ஆண்டிபட்டிப் பக்கம் பதினைந்து. சில இடங்களில் 24 முதல் 42 மீட்டர் உயரக் கோபுரங்கள். கோபுரம் கட்டுவதுதான் இதில் பெரிய செலவு என்பது எங்கள் துறைக்காரர்களுக்குத் தெரியும். அதனால் இருப்பதையும் பயன்படுத்திக் கொண்டார்கள். ஒரு நூற்பாலை வளாகத்தில் மின் நிலையத்துப் புகைபோக்கி உயர்ந்து நின்றது. அதன் மேல் ஒரு பெட்டியைக் கட்டினார்கள். மாதாமாதம் ஆயிரக்கணக்கான கிராமத்துக் கண்கள் அந்த இணைப்புகள் வழியாகத் தேனி டாக்டரைப் பார்த்தன. மதுரை, திருநெல்வேலி மருத்துவமனைகளுக்கும் அந்த முறை பரவியது. டாக்டர் வெங்கடசாமி 2006 ஜூலையில் மறைந்தார். அதற்குள் தேனிக் கிராமத்தார் திரை வழியாக டாக்டரிடம் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

அடுத்த வருடம் அதே குழு இன்னொரு கட்டுரை எழுதியது. என்னைக் கேட்டால் முதல் கட்டுரையைவிட இதுதான் உசத்தி. வேகம் எவ்வளவு என்பது அதில் பெரிய விஷயமே இல்லை. வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊருக்குத் திரும்பிப் போனபின் இது உயிரோடு இருக்குமா என்பதுதான் விஷயம். அவர்களைப் படுத்தியது ரேடியோ அல்ல, கரண்ட். மின்னழுத்தம் ஒரு சமயம் தாழ்ந்து கிடக்கும். ஒரு சமயம் ஆயிரம் வோல்ட் வரை எகிறிக் குதிக்கும். பலகைகள் எரிந்தன. சரியாக அணைக்காமல் சட்டென்று நின்று போனதில் நினைவட்டைகள் கெட்டன. பெட்டி எழுந்திருக்காது. யாராவது கோபுரம் ஏற வேண்டும். அதனால் சோலார் தகடு, மின்னழுத்தம் குறைந்தால் தானே துண்டித்துக் கொள்ளும் கருவி, உறைந்து போனால் தானே மறுபடி எழுப்பும் கருவி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், மருத்துவமனையின் உள்ளூர் ஆட்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். எந்த வயர் எங்கே போகிறது, எது செத்தால் எதை மாற்றுவது என்பது உள்ளூர்க்காரர் கைக்கு வந்த பிறகுதான் அது நிலைத்தது.

கண்டிப்பாகச் சொன்னால் தேனியில் இருந்தது மெஷ் அல்ல. எங்கள் மைக்ரோவேவ் மாதிரி ஆளுக்கு ஆள் கட்டிப்போட்ட சங்கிலி. மெஷ் என்று சொல்லத்தக்கது அதே சமயத்தில் இமயமலை அடிவாரத்தில், தர்மசாலாவில் பிறந்தது. 2005 ஜனவரி அறிவிப்பு வந்த அடுத்த மாதமே அங்கே திபெத்தியப் பள்ளிகளையும் அலுவலகங்களையும் இணைத்து ஒரு மெஷ் எழுந்தது. பின்னால் அது ஏர்ஜல்தி என்று பெயர் பெற்றது. மலிவான வீட்டுப் பெட்டிகளை வாங்கி, உள்ளே இருந்த மென்பொருளை மாற்றி, சோலாரில் ஓட்டினார்கள். அவர்களுக்குக் கரண்டோடு இன்னொரு தொல்லையும் இருந்தது, குரங்கு. வயரைக் கடிக்கும். ஆன்டெனாவில் தொங்கும். எந்தத் தரநிலையிலும் எழுதாத சோதனை அது.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்கள் கேம்ப்ரிட்ஜ் நகரத்து மொட்டை மாடிகளில் செய்த ரூஃப்நெட், ஸ்பெயினில் கேட்டலோனியாக் கிராமத்தார் 2004-இல் தொடங்கி முப்பதாயிரம் கணுக்களுக்கு மேல் வளர்த்த குய்ஃபி என்று வேறு கதைகளும் உண்டு. 2011-இல் மெஷ்ஷுக்கென்று ஒரு பொதுத் தரநிலை வந்தது. 2015, 2016 வாக்கில் கம்பெனிகள் அதை அழகான வெள்ளைப் பெட்டிகளில் அடைத்து வீட்டுக்கு விற்க ஆரம்பித்தன. அப்படி ஒன்றுதான் எங்கள் நடையில் உட்கார்ந்திருக்கிறது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு ஆர்வமாகப் படித்தேன் என்று கேட்டால், 2023 டிசம்பர்தான் காரணம்.

மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் போயிற்று. கொஞ்ச நேரத்தில் செல்போன் சிக்னலும் போயிற்று. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பக்கத்து வீட்டு டீச்சரம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, தனியாக இருக்கிறார். மகள் மெல்போர்னில். அந்தப் பெண் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து எப்படித் துடித்திருப்பாள் என்று எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் எங்கள் மகளும் அதே நிலைமையில்தான் இருந்தாள். இரண்டாம் நாள் காலை மொட்டை மாடியில் நின்று குரல் கொடுத்ததில், நான்கு வீடு தள்ளி ஒரு வீட்டில் இன்வெர்ட்டர் ஓடுகிறது, ஃபைபர் இணைப்பும் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தது. டீச்சரம்மா ஒரு துண்டுக் காகிதத்தில் மகளின் நம்பரையும், 'நான் நலம், சாப்பாடு இருக்கிறது' என்ற ஒரு வரியையும் எழுதினார். அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கல்லோடு கட்டி என் மாடிக்கு எறிந்தார். இரண்டு தடவை தவறி, மூன்றாவது முறை வந்தது. என் காகிதத்தையும் சேர்த்து நான் அடுத்த மாடிக்கு எறிந்தேன். இப்படி நான்கு மாடி. அந்த வீட்டுப் பையன் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். ஒரு மணி நேரத்தில் அதே வழியில் பதில் வந்தது. "அம்மா, மாத்திரை இருக்கா?" என்று டீச்சரம்மாவின் மகள் கேட்டிருந்தாள். மாத்திரை இல்லை. அதற்கு ஆள் அனுப்பியது தனிக்கதை.

அமெரிக்காவில் 2012-இல் சாண்டி புயல் வந்தபோது, நியூயார்க்கில் ரெட் ஹுக் என்ற பகுதியில் சின்னதாக ஒரு மெஷ் இருந்தது. மற்ற இணைப்புகள் விழுந்தபோது அது நின்றது. நிவாரண அதிகாரிகள் சாட்டிலைட் இணைப்பை அதில் சேர்த்துவிட, மக்கள் சொந்தக்காரரோடு பேச முடிந்தது. அதைப் படித்தபோது எங்கள் மாடிகள்தான் ஞாபகம் வந்தது. நாங்கள் செய்ததும் அதுதான், கல்லும் பையும் வைத்து.

பேரனிடம் கேட்டேன், இந்தப் பெட்டிகளைத் தெரு முழுக்க வைத்தால் என்ன என்று. அவன் நேர்மையாகச் சொன்னான். "தாத்தா, இது வீட்டுக்குச் செஞ்சது. ஒரு பெட்டி வழியா தாவும்போது வேகம் பாதியாகக்கூடும், ஏன்னா கேக்கறதும் சொல்றதும் ஒரே வாய்தான். கூடத்துப் பெட்டிக்கு லைன் செத்தா எல்லாமே செத்த மாதிரி. கரண்ட் இல்லன்னா அதுவும் இல்ல." அதோடு இணைப்பை அண்டை வீட்டாரோடு பகிர்வதற்குக் கம்பெனி ஒப்பந்தத்தில் இடம் இருக்க வேண்டும். பாஸ்வேர்டைக் கொடுத்தால் அதன் வழியாக யார் என்ன செய்தாலும் கேள்வி நம் பெயருக்கு வரும். தேனிக்காரர்கள் கண்ட அதே பாடம், பெட்டி வாங்குவது சுலபம், அதைக் காப்பாற்றுவதற்கு ஆள் வேண்டும்.

எனவே பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. சிறிதாகச் சில வேலைகள் செய்தோம். மூன்று பெட்டிகளையும், கம்பெனி கொடுத்த ஃபைபர் பெட்டியையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினோம். இதற்கு எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் ஆயிற்று. பழைய பெட்டியில் வைஃபையை அணைத்துவிட்டோம், இல்லாவிட்டால் போன் அதையே பிடித்துக் கொண்டு தொங்கும். ஒப்பந்தத்தைப் படித்து, கம்பெனியைக் கேட்ட பிறகு, விருந்தினருக்கென்று தனிப் பெயரில், தனிக் கடவுச்சொல்லோடு ஒரு இணைப்பை ஏற்படுத்தி அணைத்து வைத்திருக்கிறோம். ஆபத்துக் காலத்தில் மட்டும் அதைத் திறப்பது என்று ஏற்பாடு. மாடிப் பெட்டியை டீச்சரம்மா வீட்டுப் பக்கத்து ஜன்னலோரம் நகர்த்தினோம். அவர் போனில் அந்தப் பெயரை ஒரு முறை சேர்த்து, மகளை வீடியோவில் கூப்பிட்டுப் பார்த்தோம். கூப்பிட்டதும் வந்தது.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். எந்தப் பெட்டி எங்கே, எந்த வயர் எதற்கு, எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிந்தால் நல்லது, நின்று போனால் எதை முதலில் அணைத்து எதைக் கடைசியில் போடுவது. என் மனைவிக்கும் சொல்லிக் கொடுத்தேன். பேரன் ஊருக்குப் போய்விட்டான். எனக்கும் வயது 70 தாண்டிவிட்டது. நான் இல்லாத நாளிலும் பெட்டி எழுந்திருக்க வேண்டும் அல்லவா?

நோட்டு பின்னறை மேசை இழுப்பறையில் இருக்கிறது. தேனி, போடி, ஆண்டிபட்டிப் பக்கத்து வாசகர்கள் யாராவது அந்த விஷன் சென்டர்களின் ஆரம்ப நாட்களில் திரைவழி டாக்டரிடம் கண் காட்டியிருந்தால் எழுதுங்கள். அந்தப் புகைபோக்கியை நேரில் பார்த்தவர் இருந்தால் இன்னும் சந்தோஷம்.